கொஞ்சமாகத் தோற்பது எப்படி?

இது கிரிக்கெட் பற்றிய பதிவு. கிரிக்கெட் பிடிக்காதவர்கள் ஓடிவிட வேண்டாம், கடைசியில் அரியர் பற்றியும் வருகிறது :-)

ஒவ்வொரு வருடமும் ஐபிஎல் லீக் சுற்று முடியப் போகும் நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு கூத்து நடக்கும். அதுவரை காஸ்ட் அக்கவுண்டிங் கணக்குக்குக் கூட கால்குலேட்டரைத் தொடாத ஆசாமிகள் எல்லாம் திடீரென்று ராமானுஜன் ஆகிவிடுவார்கள். "நாம இந்த மேட்ச்சை 30 ரன்ல ஜெயிக்கணும், அவனுங்க அந்த மேட்ச்சுல தோக்கணும், மூணாவது டீமோட மேட்ச்சுல மழை வரணும்" என்று கடைசி பெஞ்சில் பெரிய ஆராய்ச்சி நடக்கும். கடைசி நாலைந்து மேட்ச்சில் ஒரு அணி வரிசையாக ஜெயித்து உள்ளே நுழைந்துவிட்டால் போதும், "என்னா ஃபைட்டுடா" என்று ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். ஆனால் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கடைசி நேர ஓட்டம் என்று நாம் கைதட்டுகிறோமே, அதில் பாதி முன்பே ஓடி முடித்த ஓட்டம். எந்த அணி கடைசியில் பாய்கிறது என்பதை அது கடைசியில் ஜெயித்த விதம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்கு முன்னால், ஒருத்தரும் மதிக்காத நேரத்தில், அது தோற்ற விதமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. கொஞ்சமாகத் தோற்பது ஒரு தனித் திறமை. அதற்கு யாரும் கப் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஐபிஎல்லில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் 14 மேட்ச். ஜெயித்தால் 2 புள்ளி. முதல் நாலு இடம் பிடித்தால் அடுத்த சுற்று. புள்ளி சமமாகிவிட்டால் நெட் ரன் ரேட் பார்ப்பார்கள். அதாவது, சீசன் முழுக்க நீங்கள் ஒரு ஓவருக்கு எத்தனை ரன் அடித்தீர்கள், அதிலிருந்து ஒரு ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தீர்கள் என்பதைக் கழித்தால் வருவது. ஆல் அவுட் ஆனால் 12 ஓவரில் மூட்டை கட்டினாலும் 20 ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு. பி.காம் பாஷையில் சொன்னால் புள்ளி என்பது ரொக்கம், நெட் ரன் ரேட் என்பது பேரேடு. கையில் ரொக்கம் இருக்கும்வரை பேரேட்டை யாரும் திருப்புவதில்லை. ரொக்கம் சமமானதும்தான் பழைய பக்கம் எல்லாம் வெளியே வரும். மார்ச் மாதம் நீங்கள் சோம்பேறித்தனமாக விட்ட 15 ரன் அங்கே பத்திரமாக இருக்கும்.

இனி நம்ம ஊர்க் கதை. நம்ம ஊர் என்றால் ஏற்காடு மலையில் நின்று கீழே பார்த்தால் தெரிகிற சேலம் மாவட்டம். அங்கே சின்னப்பம்பட்டியில் இருந்து போன நடராஜன், 2020 ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். கொரோனா காரணமாக அந்த வருடம் ஐபிஎல் முழுக்க ஐக்கிய அரபு அமீரகத்தில், செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை நடந்தது. மலையில் மழையும் குளிருமாக இருந்த நாட்களில் இங்கே பல பேர் சன்ரைசர்ஸ் ரசிகர் ஆனதற்கு ஒரே காரணம் அந்த இடது கை யார்க்கர்தான்.

அந்த சன்ரைசர்ஸின் நிலைமை என்ன? 2020 அக்டோபர் 24 அன்று பஞ்சாபுக்கு எதிராக 127 ரன் அடித்தால் வெற்றி. 100 ரன்னுக்கு 3 விக்கெட் என்று ஜம்மென்று போய்க்கொண்டிருந்தவர்கள் 114-இல் ஆல் அவுட். கடைசி 7 விக்கெட் 14 ரன்னில் காலி! 11 மேட்ச்சில் 4 வெற்றி. டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டிய நிலைமை.

அதன் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அக்டோபர் 27, டெல்லியை 88 ரன்னில் சாத்தினார்கள். அக்டோபர் 31, பெங்களூரை 120 ரன்னில் மடக்கி 14.1 ஓவரில் முடித்தார்கள். அன்று நடராஜன் 4 ஓவரில் கொடுத்தது வெறும் 11 ரன். நவம்பர் 3, மும்பையை 10 விக்கெட் வித்தியாசத்தில். மூன்றுக்கு மூன்று. 14 புள்ளியோடு மூன்றாவது இடம். எலிமினேட்டரில் டி வில்லியர்ஸ் 56 ரன்னோடு நின்றுகொண்டிருந்தபோது அவருடைய ஸ்டம்ப்பை ஒரு யார்க்கரில் நடராஜன் சாய்த்தாரே, அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்போம்!

ஆனால் அதே வருடம் கொல்கத்தாவும் 14 புள்ளி. அதே 7 வெற்றி, 7 தோல்வி. கடைசி மேட்ச்சில் ராஜஸ்தானை 60 ரன்னில் ஜெயித்தார்கள். கடைசி நேரப் பாய்ச்சல் என்றால் அதுவும் பாய்ச்சல்தானே? ஆனால் அவர்கள் வெளியே.

ஏன்? பேரேட்டைத் திருப்புங்கள். சன்ரைசர்ஸின் 7 தோல்விகளில் ரன் கணக்கில் தோற்றவை 10, 34, 20, 12. ஒன்று டை ஆகி சூப்பர் ஓவரில் போனது. சூப்பர் ஓவர் நெட் ரன் ரேட்டில் சேராது, ஆகவே பேரேட்டில் அது பூஜ்ஜியம். நடுவில் பஞ்சாபை 69 ரன்னில் ஒரு தடவை புரட்டி எடுத்திருந்தார்கள். 4 வெற்றியோடு நின்ற நாளிலேயே கணக்கு ப்ளஸ்ஸில்தான் இருந்தது. கொல்கத்தாவோ பெங்களூரிடம் மட்டும் இரண்டு முறை அடி வாங்கியது. ஒரு தடவை 82 ரன் தோல்வி. இன்னொரு தடவை 20 ஓவரும் ஆடி 84 ரன்தான் எடுத்தார்கள், பெங்களூர் அதை 13.3 ஓவரில் அடித்துவிட்டது. அந்த இரண்டு ராத்திரியும் அவர்களுக்குப் போனது தலா 2 புள்ளிதான் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். சீசன் முடிந்தபோது சன்ரைசர்ஸ் ப்ளஸ் 0.608, கொல்கத்தா மைனஸ் 0.214.

இதைவிட வேடிக்கை பெங்களூர். அந்த வருடம் அவர்கள் கடைசி நாலு லீக் மேட்ச்சையும் தோற்றார்கள். நாலும்! ஆனாலும் உள்ளே. நவம்பர் 2 அன்று டெல்லிக்கு எதிரான மேட்ச்சில், டெல்லி 17.3 ஓவருக்குள் அடித்து முடிக்காமல் இருந்தாலே பெங்களூர் கொல்கத்தாவுக்கு மேலே நின்றுவிடும் என்ற நிலை. டெல்லி முடித்தது 19 ஓவரில். தோற்றார்கள், ஆனால் லேட்டாகத் தோற்றார்கள், தேறிவிட்டார்கள். கடைசி மேட்ச்சை 60 ரன்னில் ஜெயித்தவன் வீட்டுக்கு, கடைசி நாலையும் தோற்றவன் அடுத்த சுற்றுக்கு. சிரிக்க வேண்டாம், இதுதான் நான் சொல்ல வருகிற விஷயம்.

"நீ என்னடா சன்ரைசர்ஸ் புராணம் பாடிக்கிட்டு, நம்ம சென்னை எங்க?" என்று மஞ்சள் சட்டைக்காரர்கள் முறைப்பது தெரிகிறது. வருகிறேன்.

2010. நாங்கள் எல்லாம் சின்னப் பசங்க. ஆனால் அந்தத் தர்மசாலா மேட்ச்சைப் பிறகு பார்க்காத தமிழ்ப் பையன் உண்டா? ஏப்ரல் 18. பஞ்சாப் 192. சென்னைக்குக் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். இர்ஃபான் பதான் பந்து வீச, தோனி 4, 2, 6, 6. 29 பந்தில் 54 நாட் அவுட். ஜெயித்ததும் தன் ஹெல்மெட்டிலேயே குத்திக்கொண்டார். அதே மேட்ச்சில் நம்ம பத்ரிநாத் 36 பந்தில் 53 அடித்ததைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், அது தனிச் சோகம்.

அந்த சீசனில் சென்னை முதல் 7 மேட்ச்சில் 2 தான் ஜெயித்திருந்தது. நடுவில் வரிசையாக நாலு தோல்வி. அடுத்த 7-இல் 5 வெற்றி. மொத்தம் 7-7, 14 புள்ளி. ஆனால் அதே 14 புள்ளியில் பெங்களூர், டெல்லி, கொல்கத்தா என்று இன்னும் மூன்று பேர் நின்றார்கள். இருந்த இடமோ இரண்டு. தோனியின் அந்த இரண்டு சிக்ஸரும் சென்னையை வாசல் வரைதான் கொண்டு வந்தன. வாசலைத் திறந்தது பேரேடு. அந்த நாலு தொடர் தோல்வியைப் பாருங்கள்: ஒன்று டை ஆகி சூப்பர் ஓவரில் போனது, ஒன்று 17 ரன், ஒன்று 36 ரன், ஒன்று 5 விக்கெட். வெளுத்து வாங்கப்பட்ட மேட்ச் என்று ஒன்றுகூட இல்லை. மறுபக்கம் கொல்கத்தாவை ஒரு தடவை 55 ரன்னில், இன்னொரு தடவை 39 பந்து மிச்சம் வைத்து 9 விக்கெட்டில் ஜெயித்திருந்தார்கள். முடிவில் சென்னை ப்ளஸ் 0.274, பெங்களூர் ப்ளஸ் 0.219. இந்த இரண்டும் உள்ளே. டெல்லி ப்ளஸ் 0.021-ஓடும் கொல்கத்தா மைனஸ் 0.341-ஓடும் வெளியே. அப்புறம் ஏப்ரல் 25 அன்று மும்பையை 22 ரன்னில் வென்று முதல் கப்பைத் தூக்கியது சரித்திரம்.

அதே பேரேடு 2024-இல் நமக்கு ஆப்பு வைத்தது. பெங்களூர் முதல் 8 மேட்ச்சில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தது. ஊரே சிரித்தது (நானும்தான்). அப்புறம் வரிசையாக ஐந்து வெற்றி. மே 18, சின்னசாமி மைதானம், எதிரே சென்னை. பெங்களூர் 218. சென்னை தோற்றாலும் 201 எடுத்தால் போதும், உள்ளே. கடைசி ஓவரில் அதற்கு 17 வேண்டும். தோனி முதல் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், அடுத்த பந்தில் அவுட். 191-இல் நின்றது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி. பெங்களூர் 0.459, சென்னை 0.392.

அந்த வித்தியாசம் 0.067. ஒரு சீசனில் ஒரு அணி ஆடுவது சுமார் 270, 280 ஓவர். பெருக்கிப் பாருங்கள், 18, 19 ரன் வரும். ஒரு சீசன் முழுக்க 19 ரன்!

இப்போது ஏப்ரல் 15-க்குப் போவோம். அன்று ஹைதராபாத் பெங்களூருக்கு எதிராக 287 ரன் குவித்தது, அதுவரை ஐபிஎல்லிலேயே மிகப் பெரிய ஸ்கோர். எதிர்த்து ஆடிய பெங்களூர் ஜெயிக்கப் போவதில்லை என்று பாதி வழியிலேயே எல்லோருக்கும் தெரியும். அந்த மேட்ச்சில் தினேஷ் கார்த்திக் 35 பந்தில் 83 அடித்தார். பெங்களூர் 262. தோல்வி, 25 ரன்னில். "தோத்த மேட்ச்சுல எதுக்கு இந்த வீரம்" என்று கேட்டவர்கள் உண்டு. அந்த 83-இல் 20 ரன் குறைந்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், மே 18 ராத்திரி உள்ளே போயிருப்பது சென்னை. செத்துப்போன மேட்ச்சில் அடித்த ரன்தான் ஒரு மாதம் கழித்து ஒரு அணியை உயிரோடு வைத்தது. (இதே கார்த்திக்தான் 2023 ஜூனில் சின்னப்பம்பட்டிக்கு வந்து நடராஜனின் கிரிக்கெட் மைதானத்தைத் திறந்து வைத்தார்.)

சரி, எதிர்க்கேள்விக்கு வருவோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: "2020-ல கொல்கத்தா சன்ரைசர்ஸை ரெண்டு தடவையும் ஜெயிச்சிருந்தாங்களே. அப்புறம் எப்படி சன்ரைசர்ஸ் மேல?" நியாயமான கேள்வி. ஒரு தடவை 7 விக்கெட்டில், இன்னொரு தடவை சூப்பர் ஓவரில். நேருக்கு நேர் பார்த்தால் கொல்கத்தாதான் உள்ளே போயிருக்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் 2022-இல் இருந்து அப்படித்தான் செய்கிறார்கள். சமமானால் தனியாக ஒரு மேட்ச் வைத்துத் தீர்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் இரண்டு அணிகளும் மோதிய மேட்ச்சுகளில் யார் அதிகம் ஜெயித்தது என்று பார்க்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு அணிக்கு 162 மேட்ச். ஒரே எதிரணியோடு பல தடவை மோதுவார்கள். இங்கே இரண்டே இரண்டு. அதில் ஒன்று சூப்பர் ஓவர், அதாவது ஆறு பந்து. ஆறு பந்தை வைத்து 14 மேட்ச் உழைப்பை எடைபோடுவதைவிட 14 மேட்ச்சையும் கூட்டிப் பார்ப்பது எனக்கு நியாயமாகத் தெரிகிறது. தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கொல்கத்தா ரசிகை ;-)

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. 2020 நவம்பர் 3 அன்று மும்பை ஏற்கெனவே முதல் இடத்தை உறுதி செய்திருந்தது. பும்ராவுக்கும் போல்ட்டுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு சன்ரைசர்ஸோடு ஆடினார்கள். கொல்கத்தா ஹோட்டலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. இதில் கொல்கத்தாக்காரர்களுக்கு எரிச்சல் வந்தால் தப்பே இல்லை. அடுத்தவன் எத்தனை மனசோடு ஆடுகிறான் என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் கையில் இருந்த 82 ரன்னை 50 ஆக்கியிருக்கலாம், 84-ஐ 120 ஆக்கியிருக்கலாம். கடைசி நாள் அடுத்தவன் கையை எதிர்பார்க்கிற நிலைமை பெரும்பாலும் முன்னாடியே நாம் எழுதி வைத்ததுதான்.

"7 வெற்றி 7 தோல்வி வாங்கினவனுக்கெல்லாம் கப்பா?" என்றும் கேட்கலாம். 2010-இல் மும்பை 20 புள்ளி எடுத்து, இறுதியில் ஒரே ஒரு மேட்ச்சில் 14 புள்ளி சென்னையிடம் தோற்றது. 2011-இல் விதியை மாற்றினார்கள். அரையிறுதியை எடுத்துவிட்டு, முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் வாய்ப்பு கொடுத்தார்கள். நல்ல மாற்றம். சீசன் முழுக்க நன்றாக ஆடியவனுக்கு அந்தச் சலுகை வேண்டும். அதே சமயம் மூன்றாம், நான்காம் இடக்காரனுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டும் இருப்பதுதான் அழகு.

இப்போது வாக்குக் கொடுத்த அரியர்.

எங்கள் மலையில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றி விட்டிருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் பூ பூக்க வைக்கிற மழை ஏமாற்றினாலோ, காபி விலை விழுந்தாலோ, அந்த வருடம் தோல்விதான். ஆனால் மிளகு கொஞ்சம் கொடுக்கும். நஷ்டம் இருக்கும், தோட்டம் போகாது. அடுத்த வருடம் மழை பெய்யும்போது செடி அங்கே இருக்க வேண்டுமே!

எங்கள் வகுப்பில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இரண்டாவது செமஸ்டரில் ஒரு தாள் போனது என்றால் சில பேர் அடுத்த தாளுக்கும் படிப்பதில்லை. "எப்படியும் அரியர்தான், எல்லாத்தையும் ஆறாவது செமஸ்டர்ல சேர்த்து அடிச்சிக்கலாம் மச்சி." பரீட்சை ஹாலில் அரை மணி நேரத்தில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வருவார்கள். 12.2 ஓவரில் ஆல் அவுட். அவர்கள் மனசில் ஓடுவது தர்மசாலா. கடைசி ஓவர், இரண்டு சிக்ஸர், ஹெல்மெட்டில் ஒரு குத்து. ஆனால் ஐந்து, ஆறு அரியரைச் சுமந்துகொண்டு கடைசி செமஸ்டருக்கு வருகிறவனுக்கு அது 16 ரன் வேண்டிய ஓவர் இல்லை, 60 ரன் வேண்டிய ஓவர். தோனியாலும் ஆகாது.

இதில் மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களில் இருந்தும் பஸ் ஏறிப் படிக்க வருகிறவர்களுக்கு நஷ்டம் அதிகம். வீட்டிலேயே முதல் பட்டதாரி. டிகிரி இல்லாமல் திரும்பினால் இன்னொரு சீசன் கிடைக்காது. அப்பா "வந்து தோட்டத்தைப் பாரு" என்றோ, "தங்கச்சியாவது படிக்கட்டும்" என்றோ சொல்லிவிடுவார். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் இப்போது வகுப்பில் இல்லை. அவர்களில் ஒருத்தர்கூட முட்டாள் இல்லை. ஒரு மேட்ச் தோற்றதும் சீசனே போய்விட்டது என்று நினைத்தவர்கள், அவ்வளவுதான்.

ஆகவே மக்களே, பாஸ் ஆக முடியாது என்று தெரிந்தாலும் கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்து எழுதுங்கள். அன்று படித்த இரண்டு பாடம் அடுத்த தடவை மறுபடி படிக்க வேண்டிய இரண்டு பாடத்தைக் குறைக்கும். நாலு அரியர் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தால், பக்கத்தில் இருப்பவன் அதற்குக் கைதட்ட மாட்டான். ஏப்ரல் 15 ராத்திரி கார்த்திக்கின் அணியும் தோற்றுத்தானே ஹோட்டலுக்குத் திரும்பியது.

அடுத்த தடவை உங்கள் அணி 40 ரன் பின்தங்கி, இரண்டு விக்கெட் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஜெயிக்கவே முடியாத மேட்ச்சில் ஒன்று, இரண்டு என்று ஓடி எடுத்துக்கொண்டிருந்தால் சேனலை மாற்றாதீர்கள். கடைசி நேரப் பாய்ச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிஸ்கி: நெட் ரன் ரேட் கணக்கு புரியவில்லை என்றால் கேன்டீனில் பிடியுங்கள். ஒரு டீக்கு ஒரு சந்தேகம் தீர்க்கப்படும். கொல்கத்தா ரசிகைகளுக்கு இரண்டு டீ.